‘குடிச்சுப்போட்டு அடிக்கறாருங்க’: ஒரு நூற்றாண்டு மனு

2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் எடுக்கப்பட்ட வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊருக்குள் டாஸ்மாக் கடை வரக்கூடாது என்று சாலையில் உட்கார்ந்த மக்களைப் போலீஸ் கலைக்கிறது. அந்தக் களேபரத்தில் உயர் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். அன்று மாலைக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிட்டது. அறை வாங்கியவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று அடுத்த நாட்களில் செய்தி வந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போனது.

அந்த வருடம் அப்படி நடக்க ஒரு காரணம் உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் மதுக்கடைகள் இருக்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. மெயின்ரோட்டில் மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். தோட்டத்துப் பாதையில், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில், லைன் வீடுகளுக்கு எதிரே. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கொங்குப் பகுதியில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. காரணம், இங்கே பெண்கள் கூட்டமாகத் தெருவில் உட்காருவதை அடிக்கடி பார்க்க முடியாது.

மதுக்கடைப் போராட்டச் செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதில் ஒரு வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். கொங்குத் தமிழில் அது இப்படி வரும்: “குடிச்சுப்போட்டு வந்து அடிக்கறாருங்க.” அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, அடிக்கிறவருக்கும் ‘ஆர்’ விகுதி. புகார் சொல்லும்போதுகூட மரியாதை குறையவில்லை. இரண்டு, அடிக்கு முன்னால் குடி வருகிறது. ‘அடிக்கறாருங்க’ என்று மட்டும் அந்தப் பெண் மைக் முன்னால் சொல்லியிருந்தால் அது குடும்ப விஷயம். ‘குடிச்சுப்போட்டு’ சேர்ந்ததும் அது ஊர் விஷயமாக, அரசாங்க விஷயமாக, செய்தியாக மாறிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களுக்கு யார் துணை நின்றார்கள், அந்தத் துணையைப் பெற அவர்கள் எதைச் சொல்ல வேண்டியிருந்தது, எதைச் சொல்லாமல் விட வேண்டியிருந்தது? கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருட வரலாறு இருக்கிறது.

ஈரோடு, 1921

ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அப்போது காங்கிரசில் இருந்த ஈ.வெ. ராமசாமி, கள் இறக்கக்கூடாது என்பதற்காகத் தன் தோப்பில் இருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அவர் கைதானதும் மறியலைக் கையில் எடுத்தவர்கள் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகத் திராவிட இயக்க வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

வசதியான வணிகக் குடும்பத்துப் பெண்கள் கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பது 1921இல் சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்கள் அங்கே நின்றது தேசத்தின் பெயரால். கள்வரி வெள்ளைக்காரனுக்குப் போகிறது, அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் மறியலின் அதிகாரபூர்வக் காரணம். கடையிலிருந்து வெளியே வருகிறவன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கோஷத்தில் இல்லை.

நாகம்மையார் 1933இல் காலமானார். அப்போது பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுதிய இரங்கலுரை தமிழில் ஒரு கணவர் எழுதியவற்றில் மிக விசித்திரமானது. பெண் விடுதலை பற்றி ஊருக்கெல்லாம் பேசியதில் நூற்றில் ஒரு பங்கையாவது நாகம்மாளிடம் தான் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்ற பொருளில் அவர் அதில் எழுதினார். வீட்டுக்குள் நடப்பதை, அதுவும் தான் நடந்துகொண்டதை, ஒரு ஆண் அச்சில் ஒப்புக்கொள்வது அன்றைக்கு அரிது. இன்றைக்கும் அரிதுதான்.

திருச்செங்கோடு, சேலம்

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் திருச்செங்கோடு வந்துவிடும். அதன் அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் ஒரு வேலை, மதுவிலக்கு இன்னொரு வேலை. மதுவிலக்குக்காகவே 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழை நடத்தினார். அதில் துணையாசிரியராக உழைத்தவர் கல்கி.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது பரவியது. கள்வரி போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. இன்று பில்லில் நாம் பார்க்கும் வரிக்கு ஒரு பூர்வீகம் சேலத்தில் இருக்கிறது.

சேலத்தில் என்ன மாறியது என்று அன்றைக்கே ஆய்வு செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். கூலியில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது, கடன் குறைந்ததா, சாப்பாடு கூடியதா என்பதெல்லாம் எண்ணிப் பார்க்கக் கூடியவை. வீட்டில் அடி குறைந்ததா என்பதை எண்ண அன்று ஒரு முறை இல்லை, அதை ஒரு விளைவாகக் கணக்கில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவன். எங்கள் வேலையில் ஒரு சாதாரண உண்மை உண்டு: சிஸ்டம் எதை லாக் செய்யவில்லையோ அது நடக்கவே இல்லை என்றுதான் எல்லோரும் நடந்துகொள்வார்கள். மதுவிலக்கின் லாகில் ரூபாய், அணா, பைசா இருந்தன. வீட்டில் அமைதி நிலவுகிறது என்ற பொதுவான பேச்சு இருந்தது. அடி இல்லை.

அந்தக் காலத்து மதுவிலக்கு எழுத்துகளில் வரும் பெண்ணைப் பாருங்கள். ராஜாஜி எழுதி, பிறகு 1974இல் படமாகவும் வந்த கதையின் தலைப்பு ‘திக்கற்ற பார்வதி’. திக்கற்றவள் என்பது வெறும் அனுதாபச் சொல் இல்லை, அது ஒரு சமூக நிலை. அவளுக்கு நாலு திசையிலும் ஆள் கிடையாது. ஆக, அரசே அவளுக்குத் திக்காக வர வேண்டும், கடையை மூட வேண்டும் என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனால் நிஜத்தில் பெண்கள் அப்படி ஒரேயடியாகத் திக்கற்று இருக்கவில்லை. அவர்களுக்கென்று சில திசைகள் இருந்தன. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

போர்க்காலத்தில் சேலத்து மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. சுதந்திரத்தையொட்டி மீண்டும் வந்து, 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கலைஞர் அரசு அதைத் தள்ளிவைத்தது. தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 1974இல் மீண்டும் விலக்கு, 1981இல் மீண்டும் கடை, 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். ஒரு நூற்றாண்டில் பெண்கள் மனுக் கொடுக்கும் முகவரி விநோதமாக மாறிவிட்டது. கடையை மூடு என்று யாரிடம் கேட்கிறார்களோ அவரேதான் கடைக்காரர். இன்று அந்தக் கடைகளால் அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. பாட்டிலில் மது நாட்டுக்கும் வீட்டுக்கும் கேடு என்று முன்பு அச்சிட்டிருந்தார்கள். நாட்டைச் சொல்லியாயிற்று, வீட்டைச் சொல்லியாயிற்று. வீட்டில் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

ஓஹையோவும் தூபகுண்டாவும்

இது நம்மூர்க் கதை மட்டுமில்லை. 1873 டிசம்பரில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரின் பெண்கள் மதுக்கடைகளுக்கு முன்னால் மண்டியிட்டு ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அதிலிருந்து ஒரு தேசிய அளவிலான பெண்கள் சங்கம் பிறந்தது. அதன் தலைவியான பிரான்சிஸ் வில்லர்டு தன் இயக்கத்துக்கு வைத்த பெயர் ‘வீட்டுப் பாதுகாப்பு’. அவர் கேட்டது பெண்களுக்கு ஓட்டுரிமை. கடையை மூட ஓட்டு வேண்டும், வீட்டைக் காக்கக் கடையை மூட வேண்டும் என்று கோர்த்தார். ஓட்டு வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால் ஊர் முகம் சுளிக்கும். வீட்டைக் காப்பாற்ற என்றால் மறுக்க முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமம். அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள் பாடப்புத்தகத்தில் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடிய ஒரு கதையைப் படித்தார்கள். படித்ததைத் தங்கள் ஊரிலேயே செய்து பார்த்தார்கள். 1992இல் அது ஆந்திரம் முழுக்கப் பரவியது. 1993இல் சாராயம் தடை செய்யப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. இரவில் ஓர் இடத்தில் கூடி உட்கார ஒரு வகுப்பு இருந்தது. தன் வீட்டில் நடப்பது பக்கத்து வீட்டிலும் நடக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது.

நம் பக்கம் அந்த வேலையை ஓரளவு செய்தவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். 1989இல் தருமபுரியில்தான் அவை அரசுத் திட்டமாகத் தொடங்கின. கடன், சேமிப்பு, வட்டி என்பவை வெளிப்படையான காரியங்கள். ஆனால் வாரத்துக்கொரு முறை, புருஷனிடம் காரணம் சொல்லத் தேவையில்லாமல், பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார முடிந்தது. கன்னம் வீங்கியிருந்தால் யாராவது ‘என்னாச்சு அம்மணி’ என்று கேட்பார்கள். ‘கதவு இடிச்சுருச்சுங்க்கா’ என்று பதில் வரும். கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். சில நேரம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே போதுமானதாக இருந்தது.

சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்

கொங்கு நாட்டின் நில அமைப்பை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். காவிரி டெல்டாவில் தெரு ஒட்டி வீடுகள் நெருங்கி நிற்கும். இங்கே கிணற்றுப் பாசனம். அவரவர் கிணறு, அவரவர் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே அவரவர் சாளை. அடுத்த சாளை நாலைந்து ஏக்கர் தள்ளி இருக்கும். தன்மானத்துக்கும் சுறுசுறுப்புக்கும் பேர் வாங்கித் தந்த அதே அமைப்பில்தான் ராத்திரி ஒரு பெண் கத்தினால் நாய் மட்டும் குரைக்கும்.

இதற்கு நேர் எதிர் திருப்பூர், கோவை லைன் வீடுகள். ஒரே கூரை, பத்துப் பன்னிரண்டு வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சுவர் சொல்லிவிடும். இங்கே வசதி குறைவு, கௌரவம் குறைவு, ஆனால் கதவைத் தட்ட ஒரு கை இருக்கிறது. ‘ஏனுங், கொஞ்சம் சக்கரை இருக்குதுங்களா’ என்று சரியான நேரத்தில் வந்து கதவைத் தட்டும் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை தேவைப்பட்டிருக்காது. எந்த அரசுத் திட்டத்திலும் இந்த உத்திக்குப் பெயர் கிடையாது.

வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இது கிடைக்காது. காம்பவுண்டுச் சுவர் உயர உயரத் தட்டும் கை குறைகிறது. ‘நம்ம குடும்பத்துக்கு இதெல்லாம் ஆகுமா’ என்ற சொல் அந்தச் சுவரைவிட உயரம்.

அண்ணன் வீடு

இவ்வளவுக்கும் மேலாக, இங்கே ஒரு பெண்ணுக்கு இருந்த பெரிய திக்கு பிறந்த வீடு. அடி தாங்க முடியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். பத்து நாளோ ஒரு மாதமோ இருப்பாள். அப்புறம் அண்ணன் தம்பிகளும் இரண்டு பெரிய மனிதர்களும் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். ‘இனி கை நீட்ட மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டுப் போவார்கள். சில மாதங்களுக்கு அது வேலை செய்யும். அண்ணன் பலசாலியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நாள்.

இந்த அண்ணன்–தங்கை உறவைக் கொங்கு நாடு தன் பெரிய கதையாகவே வைத்திருக்கிறது. அண்ணன்மார் கதை. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது பதிவு செய்த வடிவத்தில், பொன்னரும் சங்கரும் தங்கைக்கு உயிரையே கொடுப்பார்கள். தங்கை தவமிருந்து இறந்த அண்ணன்களை எழுப்புவாள். ஆனால் அதே அண்ணன்கள் மணந்துகொண்ட பெண்கள் தனி அரண்மனையில் பூட்டி வைக்கப்பட்டிருப்பார்கள். அவர்களைக் கணவர்கள் தொட்டதுகூட இல்லை. கடைசியில் அந்த மாளிகைக்குத் தீ வைப்பது அந்தத் தங்கைதான்.

ஊர் கோயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு வீட்டில் தங்கை, இன்னொரு வீட்டில் பூட்டப்பட்டவள். தனக்காக வந்து நிற்கும் அண்ணன் தன் வீட்டில் எப்படிப்பட்ட புருஷன் என்று அண்ணியிடம்தான் கேட்க வேண்டும். பிறந்த வீடு என்ற திக்கு இப்படித்தான் அமைந்திருக்கிறது. அது ஒருத்தியைக் காக்கும், அதுவும் தவணை முறையில், திரும்ப அனுப்புவதற்காக.

மிளகாய்

பிறந்த வீடும் கைவிட்டால்? ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. அநியாயம் நடந்தவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் அங்கே வந்து மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசுவார்கள். அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் கொலை செய்த பெண்தான் இவள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நன்னன் செய்த அந்தக் கொலை குறுந்தொகைப் பாட்டிலேயே வருகிறது. பெண்ணின் எடைக்குப் பொற்பாவையும் எண்பத்தொரு யானைகளும் தருகிறோம் என்று சொல்லியும் அவன் மசியவில்லை.

அரைக்கும் இடத்தில் யாரும் யாரிடமும் உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்பதில்லை. ‘குடிச்சுப்போட்டு’ என்ற முன்னொட்டு அங்கே தேவையில்லை. பெயர் சொல்ல வேண்டாம், மரியாதை விகுதி வேண்டாம், சாட்சி வேண்டாம். கை எரியும் வரை அரைக்கலாம். இதை மூட நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். புகாரை முழுசாக, திருத்தாமல், பாதியில் வெட்டாமல் வாங்கிக்கொள்ளும் இடம் வேறு எது இருந்தது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுபதும் இருபத்து மூன்றும்

சரி, குடியை நிறுத்தினால் அடி நிற்குமா? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணவர் அடிக்கடி குடித்து போதையாகும் பெண்களில் 70 சதவீதம் பேர் ஏதாவதொரு வகையில் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். கணவர் குடிக்கவே குடிக்காத பெண்களில் அது 23 சதவீதம். ஆக, சாமளாபுரத்துப் பெண்கள் சொன்னது பொய்யில்லை. குடி அடியைக் கூட்டுகிறது, மடங்கு கணக்கில் கூட்டுகிறது. 2015இல் செல்பேசிக் கோபுரத்தில் ஏறி உயிரை விட்ட சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாளின் போராட்டத்துக்கு அர்த்தம் இருந்தது.

ஆனால் அந்த 23ஐயும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒருத்தி. அவள் புருஷன் டீகூடக் குடிக்காதவனாக இருக்கலாம். அவளுக்கு எந்தக் கடை முன்னால் உட்காருவது? ‘தங்கமான மனுசன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது’ என்ற நற்சான்றிதழோடு அவன் ஊரில் நடமாடுகிறான். அவள் கையில் மனுவுக்குத் தேவையான முதல் சொல்லே இல்லை. இன்னொன்றும் உண்டு. குடித்தவன் முதலாளியை அடிப்பதில்லை, மில் சூப்பர்வைசரை அடிப்பதில்லை, வழியில் நிறுத்தும் போலீஸ்காரரை அடிப்பதில்லை. எவ்வளவு போதையிலும் யாரை அடிக்கலாம் என்ற தெளிவு அவனுக்கு இருக்கிறது. அந்தத் தெளிவு கடையில் விற்பதல்ல.

இந்த இடத்தில் ஈரோட்டின் இன்னொரு குரல் தேவைப்படுகிறது. கள்ளுக்கடை மறியலில் சிறைக்குப் போன பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்கையே விமர்சித்தார். அவர் கவனம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும், திருமணத்திலிருந்து விலகும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் இயற்றியது. அப்போதும், அதற்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. 2005இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த குழப்பத்தையும் நீக்கியது.

சொத்துக்கும் அடிக்கும் என்ன சம்பந்தம்? பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் ஐந்நூறு பெண்களிடம் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். நிலமும் வீடும் தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகாலமாக உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தார்கள். நிலமும் வீடும் இரண்டும் தன் பேரில் இருந்தவர்களில் 7 சதவீதம். காரணம் புரியக் கஷ்டமில்லை. போக ஓரிடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பெரும்பாலும் அவள் போக வேண்டியதே இல்லை.

இப்போது கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே மகளுக்குக் கொடுப்பது சவரன் கணக்கில், கார் கணக்கில். தோட்டம் மகனுக்கு. சட்டம் மாறிய பிறகு இதைச் சரிக்கட்ட ஒரு காகிதம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம்.

ஏன் போடுகிறார்கள், விவரம் தெரியாமலா? இல்லை. நன்றாகத் தெரிந்துதான். பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும். நாளைக்குப் பெண் மொட்டையாக நிற்கும்போது தாய்மாமன் சீர் வராது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டக் கதவு இருக்காது. அகர்வால் 1994இல் எழுதிய ‘தனக்கென ஒரு வயல்’ என்ற பொருள் தரும் தலைப்புள்ள நூலில் இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்கிறார்: சகோதரிகள் விட்டுக்கொடுக்கும் நிலம் ஒருவகைக் காப்பீட்டுப் பிரீமியம். அதாவது, தனக்கென ஒரு கூரை கிடைக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அண்ணன் கூரையின் கீழ் ஒரு மாதம் தங்கும் சலுகையை வாங்குகிறாள். எந்தத் துணை அவளைக் காக்கிறதோ அதே துணையைத் தக்கவைக்கத்தான் தன்னைக் காத்திருக்கக் கூடிய சொத்தை எழுதிக் கொடுக்கிறாள்.

சி.எஸ்.ஆர். ரசீது

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எல்லா இடத்திலும் இருக்கிறது. 1983இல் 498ஏ பிரிவு வந்தது, இன்று அது புதிய சட்டத்தில் 85ஆம் பிரிவு. 2006 அக்டோபரில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று சொன்ன சட்டம் அது. மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2018 முதல் 181 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

இவை சின்ன மாற்றங்கள் இல்லை. குடிச்சுப்போட்டு என்று சொல்லாமலே புகார் கொடுக்க முதன்முறையாக ஓர் அரசு அறை கிடைத்தது. ஆனால் மகளிர் நிலையத்துக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மனு வாங்கி சி.எஸ்.ஆர். போட்டு, அவனை வரச்சொல்லி, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். அண்ணன்மார் செய்த அதே பஞ்சாயத்து, இப்போது காக்கிச் சட்டையோடு. பல பெண்களுக்கு அதுவே வேண்டியதாகவும் இருக்கிறது. ஜெயிலுக்குப் போனால் வீட்டு வாடகை யார் கட்டுவது?

அதே தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க வெறும் 14 சதவீதம். அவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. போலீசுக்குப் போனவர்கள் மிகச் சிலர். நாலில் மூன்று பேர் யாரிடமும் சொன்னதே இல்லை. அம்மாவிடம்கூட இல்லை.

நூறு வருடமாகப் பெண்கள் கடை முன்னால் நின்று கேட்டதை அரசுகள் கேட்டன, சில முறை மூடின, பல முறை திறந்தன. அவர்கள் அந்த வாக்கியத்தின் முன்பாதியைச் சத்தமாகச் சொன்னது பின்பாதி யாருக்காவது கேட்கட்டும் என்றுதான். சாமளாபுரத்து அறைக்கு நாம் கோபப்பட்டோம், கேமரா இருந்தது. வீட்டுக்குள் விழுகிற அறைக்கு கேமரா இல்லை. சர்க்கரை கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள், குழுவில் கன்னத்தைப் பார்க்கும் அக்கா இருக்கிறாள், 181 இருக்கிறது. அப்புறம், வருகிற முகூர்த்தத்துக்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கப்போகும் தங்கைகள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் அண்ணன்களில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். பத்திரத்தை எழுதாமல் விட்டு, கதவையும் திறந்து வைக்க முடியுமா என்பது அவர்களிடம்தான் கேட்க வேண்டிய கேள்வி.